ஹேமக்கைத் தொய்வாகக் கட்டுவது எப்படி: நாடாவின் சாய்வும் முகட்டுக் கயிறும்

இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கையான ஹேமக்கை வாங்கியவர்கள் முதல் நாள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். கட்டில் மாதிரி சமமாக இருக்கட்டும் என்று இரண்டு மரத்துக்கும் நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுவார்கள். காலியாகத் தொங்கும்போது தட்டையாகத்தான் தெரியும். ஏறிப் படுத்ததும் துணியின் இரண்டு ஓரமும் எழும்பித் தோளை நெருக்கும். இடுப்பு கீழே இறங்கும், தலையும் காலும் மேலே தூக்கிக்கொள்ளும், புரண்டால் கவிழ்க்கப் பார்க்கும். ‘இது தூங்க ஆகாது’ என்று சுருட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அதே துணியை நன்றாகத் தொய்வு விட்டுக் கட்டிக் குறுக்காகப் படுத்தால் முதுகு கிட்டத்தட்ட நேராக இருக்கும்.

தூளியை மனதில் வைத்துக்கொண்டு கட்டுவதும் சரிவராது. தூளியின் இரண்டு தலைப்பும் ஒரே கொக்கியில் சேர்வதால் குழந்தை சுருண்டுதான் கிடக்கும். கைக்குழந்தைக்கு அது சுகம், ஐந்தரை அடி உடம்புக்கு ஆகாது. ஹேமக்கின் இரண்டு நுனியும் விலகி நிற்க வேண்டும். எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்ற அந்த ஒரு அளவை ஒரு கயிற்றால் நிலையாகப் பிடித்துவிட்டால், மரம் எது, இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் இரண்டாம்பட்சம்.

கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அமைப்புக்கானது: இரண்டு முனையையும் கொசுவிக் கட்டிய நைலான் துணி ஹேமக், கொக்கியிலிருந்து கொக்கி வரை 3 மீட்டர் (10 அடி) நீளம், 1.5 மீட்டர் அகலம், படுப்பவர் எடை 75 கிலோ. சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 2.6 அல்லது 2.7 மீட்டர் நீளம்தான். 165 செ.மீ. உயரக்காரர் அதில் சமாளிக்கலாம். 175 செ.மீ. தாண்டியவர்கள் 3.3 மீட்டர் நீளம் தேடுவது நல்லது. குட்டைத் துணியில் எவ்வளவு சரிசெய்தாலும் கெண்டைக்காலில் ஒரு மடிப்பு உறுத்திக்கொண்டே இருக்கும். முனைகளில் மரக்கட்டை வைத்து விரித்த வகைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது விறைப்பாகக் கட்டவே செய்யப்பட்டது, எளிதில் கவிழவும் செய்யும்.

முதலில் இழுவிசை

ஹேமக்கின் கொக்கியை மரத்தோடு இணைக்கும் பட்டையான நாடா தரைமட்டத்தோடு எத்தனை டிகிரி சாய்ந்து போகிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு பக்கமும் சுமக்கும் இழுவை. 75 கிலோ ஆள் அசையாமல் படுத்திருந்தால் 45 டிகிரியில் ஒரு பக்க நாடா சுமப்பது சுமார் 53 கிலோ. 30 டிகிரியில் சரியாக 75 கிலோ. 20 டிகிரியில் 110, 15 டிகிரியில் 145, 10 டிகிரியில் 216. ‘விறைப்பாக’ கட்டுகிறவர்கள் வந்து நிற்கும் 5 டிகிரியில் 430 கிலோ. ஒரே ஆள், ஒரே துணி. சாய்வு மட்டும்தான் மாறியிருக்கிறது. தொப்பென்று உட்கார்ந்தால் இது இரண்டு மடங்கைத் தொடும். ஹேமக் அறுந்து விழுந்தது என்றால் துணியைத் திட்டுவதற்கு முன் எந்தச் சாய்வில் கட்டியிருந்தது என்று கேட்க வேண்டும்.

30 டிகிரியை நினைவில் வைப்பது எளிது: ஒரு பக்க இழுவை ஆளின் எடைக்குச் சமம். இடத்தில் அளக்கவும் வழி உண்டு. நாடாவில் ஒரு புள்ளியிலிருந்து கிடைமட்டமாக 1 மீட்டர் போனால் நாடா 58 செ.மீ. ஏறியிருக்க வேண்டும். டேப் இல்லையென்றால் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் செங்கோணமாக விரித்து, கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்து, இரண்டு விரல் நுனிகளையும் இணைக்கும் கற்பனைக் கோட்டை நாடாவோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய 30 டிகிரி வந்துவிடும். கைப்பேசியில் மட்டம் பார்க்கும் செயலி இருந்தால் அதை நாடாவோடு ஒட்டிப் பிடித்தால் போதும். எப்படி அளந்தாலும் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். காலியாக இருக்கும்போது வரும் கோணம் வேறு.

முகட்டுக் கயிறு

ரிட்ஜ்லைன் என்று சொல்லும் முகட்டுக் கயிறு, ஹேமக்கின் ஒரு கொக்கியிலிருந்து மறு கொக்கிக்கு, படுப்பவரின் தலைக்கு மேலே நேராக ஓடும் மெல்லிய கயிறு. கொசுவலையைத் தொங்கவிட உதவும், இரவில் டார்ச்சை மாட்டி வைக்கலாம். ஆனால் அதன் உண்மையான வேலை இரண்டு கொக்கிகளும் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் விலகாமல் பிடித்து வைப்பது. கொக்கிகள் விலகாவிட்டால் துணியின் தொய்வு மாறாது. தொய்வு மாறாவிட்டால் நேற்று தோப்பில் வந்த படுக்கைதான் இன்று மலையடிவாரத்திலும் வரும்.

நீளத்துக்குப் பரவலாகப் புழங்கும் அளவு, ஹேமக் நீளத்தில் 83 சதவீதம். 3 மீட்டர் ஹேமக்குக்கு 2.49, அதாவது 2.5 மீட்டர். 2.7 மீட்டர் என்றால் 2.24, 3.3 மீட்டர் என்றால் 2.74. ஹேமக் நீளத்தைத் துணியின் கொசுவத்திலிருந்து அளக்காமல் கொக்கியிலிருந்து கொக்கி வரை அளக்க வேண்டும், ஏனென்றால் முகட்டுக் கயிறு மாட்டப்போவது கொக்கியில். முனைக் கண்ணி ஒவ்வொன்றும் 10 செ.மீ. இருந்தால் மொத்தத்தில் 20 செ.மீ. பிசகிவிடும்.

ஏன் 83? கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும். ஆள் நடுவில் உட்காரும்போது துணி இரண்டு பக்கமும் நேராக விறைத்து ஒரு முக்கோணமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் 1.5 மீட்டர், மேலே பாதித் தூரம் 1.25 மீட்டர். ஆழம் 83 செ.மீ. வரும், முனையில் துணியின் சாய்வு 33 டிகிரிக்குச் சற்று மேலே வரும். நாடாவை 30 டிகிரியில் கட்டினால் இரண்டு சாய்வும் ஏறக்குறைய ஒன்று. அதனால் முகட்டுக் கயிற்றுக்கு மிச்சமாகும் இழுவை வெறும் 8, 9 கிலோதான். நாடாவின் சாய்வு 20 டிகிரிக்கு இறங்கினால் அதே கயிறு 47 கிலோ தாங்க வேண்டியிருக்கும். 10 டிகிரியில் 156. நாடா 34 டிகிரியைத் தாண்டி நட்டுக்குத்தாகப் போனால் முகட்டுக் கயிறு தொளதொளத்துவிடும், பிறகு தொய்வை அது தீர்மானிக்காது.

இதிலிருந்துதான் எல்லோரும் சொல்லும் இரண்டு விரல் சோதனை வருகிறது. படுத்தபடியே கையை நீட்டி முகட்டுக் கயிற்றை இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். லேசாக வளைந்து கொடுத்தால் நாடாச் சாய்வு சரி. வீணைக் கம்பி மாதிரி விண்ணென்று நின்றால் நாடா மட்டமாக இருக்கிறது, மரத்தில் மேலே ஏற்றிக் கட்டுங்கள். தொங்கினால் நாடா நிமிர்ந்துவிட்டது, கீழே இறக்குங்கள். கோணமானி எதுவும் வேண்டாம்.

கயிற்றைச் செய்வது

முதல் சோதனைக்கு 4 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறு போதும். ஒரு முனையில் நிலைக் கண்ணி, மறுமுனையில் சறுக்கி நகர்த்தும் முடிச்சு. அளவு பிடிபட்டதும் நிரந்தரமாக 2.8 மி.மீ. டைனீமா (மிக வலிமையான பாலிஎத்திலீன் இழை) கயிற்றில் செய்துகொள்ளலாம். ஹேமக் ஆட்கள் புழங்கும் ஆம்ஸ்டீல் ரகத்தில் இந்தத் தடிமன் கயிற்றின் முறிவு வலிமை 700 கிலோவை ஒட்டி இருக்கும், நீளவும் நீளாது. ஆனால் டைனீமா வழவழப்பானது. சாதாரண முடிச்சு அதில் நிற்காமல் வழுக்கும், நின்றாலும் வலிமையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால் கயிற்றுக்குள் கயிற்றை நுழைத்துத்தான் கண்ணி செய்ய வேண்டும். உள்ளே கூடாக இருக்கும் 12 புரிப் பின்னல் அதற்கு வசதி.

2.3 முதல் 2.7 மீட்டர் வரை மாற்றக்கூடிய முகட்டுக் கயிற்றுக்கு 4.5 மீட்டர் வெட்டுங்கள். நுழைக்கும் கருவிக்கு அலைய வேண்டாம். சாக்கு தைக்கும் கோணூசியின் கூர்முனையை அரத்தில் தேய்த்து மழுக்கிக்கொண்டால் அதுவே நன்றாக வேலை செய்யும். மெல்லிய கம்பியை இரண்டாக மடித்தும் இழுக்கலாம்.

ஒரு முனையில் 5 செ.மீ. நிலைக் கண்ணி. நுனியைக் கயிற்றின் உடலுக்குள் குறைந்தது 20 செ.மீ. புதைக்க வேண்டும், கயிற்று விட்டத்தைப்போல் 72 மடங்கு என்பது இந்தப் பின்னலுக்கான கணக்கு. புதைப்பதற்கு முன் நுனியிலுள்ள புரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கத்தரித்து ஒல்லியாக்குங்கள். அப்படியே தடித்த நுனியை உள்ளே விட்டால் அது முடியும் இடத்தில் கயிறு திடீரென்று ஒடுங்கும். பழு அங்கேதான் குவியும். சுமை இல்லாதபோது புதைத்தது நழுவி வெளியே வராமலிருக்க, புதைப்பதற்கு முன் கண்ணியின் இரண்டு கால்களையும் (கயிற்றின் உடலையும் நுனிப் பக்கத்தையும்) ஒன்றுக்குள் ஒன்று குறுக்காகக் கோத்துப் பூட்டிவிடுங்கள். கடைசியில் கயிற்றைக் கண்ணியிலிருந்து நுனி நோக்கி, பால் கறக்கிற மாதிரி பலமுறை உருவி விட வேண்டும். உருவாமல் விட்டால் புதைத்த நுனி பிடிக்காது. பலர் கயிற்றின் மேல் பழி போடும் நழுவல் இதனால்தான் வருகிறது.

மறுமுனை மாற்றக்கூடிய வளையம். நிலைக் கண்ணியிலிருந்து 1.85 மீட்டரில் குறியிட்டு, அங்கிருந்து 2 மீட்டர் குறி வரை, 15 செ.மீ. தூரத்துக்குக் கயிற்றின் உடலே உறையாக இருக்கும். கயிற்றின் மிச்ச நுனியை வளைத்துக் கொண்டுவந்து 2 மீட்டர் குறியில் உள்ளே விட்டு 1.85 மீட்டர் குறியில் வெளியே எடுங்கள். வெளியே வரும் வாலை இழுத்தால் வளையம் சிறுக்கும். உறையைக் குவித்துப் பிடித்து வளையத்தை இழுத்தால் பெருக்கும். சுமை ஏறினால் உறை இறுகி வாலைக் கவ்விக்கொள்ளும். வளையத்தில் இரண்டு கால் இருப்பதால் முகட்டு நீளம் 1 செ.மீ. குறைய வாலை 2 செ.மீ. இழுக்க வேண்டும். வால் நுனியில் ஒரு தடுப்பு முடிச்சு போடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும். பிடித்த நீளம் கிடைத்ததும் உறையின் வாயில், வாலின் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு. அடுத்த முறை அளக்கவே வேண்டாம்.

டைனீமா 145 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே உருகிவிடும். அசையாத டைனீமாவின் மேல் இன்னொரு கயிறு வேகமாக உரசி ஓடினால் அந்த வெப்பம் எட்டிவிடும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. மரத்தைச் சுற்றிக் கட்டவும் இதைப் பயன்படுத்தாதீர்கள்: மெல்லியதாக இருப்பதால் மரப்பட்டையை அறுக்கும், சொரசொரப்பில் தானும் அறுபடும்.

மரத்துக்குப் போகும் நாடா

மரத்தைச் சுற்ற 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா. காரின் சீட் பெல்ட், லாரிச் சுமையை இழுத்துக் கட்டும் பெல்ட் எல்லாம் அந்த இனம். நைலான் நாடா தடவினால் நயமாக இருக்கும், ஆனால் சுமையில் நீளும், ஈரத்தில் இன்னும் நீளும்; இரவு முட்டி உயரத்தில் படுத்தவர் விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். ஹார்டுவேர் கடையில் நைலான் கயிறு என்று கேட்டால் பல சமயம் பாலிப்ரொப்பிலீன் கயிற்றைத் தருவார்கள். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். மிதப்பது வெயிலில் சீக்கிரம் நொறுங்கும், சுமையிலே கிடந்தால் மெல்ல நீண்டுகொண்டே போகும். அதை ஹேமக்குக்கு விலக்கிவிடுங்கள்.

நாடாவின் ஒரு நுனியில் தைத்த கண்ணி இருக்க வேண்டும். மரத்தைச் சுற்றி மறு நுனியை அந்தக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் போதும். ஹேமக் பக்கத்தில் கட்டுவதற்கு மூன்று வழி உண்டு.

வரிசையாகக் கண்ணி தைத்த நாடா மிக எளிது, கொக்கியை ஏதாவது ஒரு கண்ணியில் மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள அளவு கிடைக்காது. நுண்ணிய திருத்தத்துக்கு நாடாவை மரத்தில் ஏற்றி இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, உராய்வில் கவ்வும் உலோக பக்கிள்: எந்த அளவிலும் நிற்கும், கொஞ்சம் கனம். மூன்றாவது பெக்கெட் முடிச்சு. ஹேமக் முனையிலுள்ள கயிற்றுக் கண்ணிக்குள் நாடாவைக் கீழிருந்து மேலே எடுத்து, கண்ணியின் கழுத்தைப் பின்னாலே சுற்றி, தன் அடியிலேயே ஒரு மடிப்பாகச் செருகினால் முடிந்தது. தறியில் அறுந்த இழையைச் சேர்க்கும் முடிச்சின் இனம்தான் இது. உலோகம் எதுவும் வேண்டாம், ஒரு சுண்டலில் அவிழும், எடையும் கிடையாது. பழகிவிட்டால் வேறெதையும் தேட மாட்டீர்கள். ஒரே நிபந்தனை, கண்ணி மென்கயிறாக இருக்க வேண்டும். கேரபினர் கொக்கியின் மேலோ இரும்பு வளையத்தின் மேலோ போட்டால் இது வழுக்கும்.

கேரபினர் வாங்கினால் உடம்பில் கிலோநியூட்டன் (ஒன்று சுமார் 100 கிலோ இழுவை) எண் பொறித்ததையே வாங்குங்கள், 12 அல்லது அதற்கு மேல். சாவிக்கொத்துக்கு விற்கும் அலுமினியக் கொக்கி அதே வடிவத்தில் இருக்கும், அதே பலத்தில் இருக்காது.

எந்த உயரத்தில் கட்டுவது

உட்காரும்போது ஹேமக்கின் அடி நாற்காலி உயரத்தில், தரையிலிருந்து 45 செ.மீ.யில் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஏறுவதும் சிரமம், விழுந்தால் அடியும் பலம். துணியின் ஆழம் 83 செ.மீ.; ஆக முகட்டுக் கயிறு 1.3 மீட்டர் உயரத்தில் வரும். அதிலிருந்து மரம் வரை 30 டிகிரியில் ஏற வேண்டும். மர இடைவெளி மீட்டரில் எவ்வளவோ, அதில் 2.5 கழித்து, 0.29ஆல் பெருக்கி, 1.3 கூட்டுங்கள், அதுதான் நாடா கட்டும் உயரம். 3.5 மீட்டர் இடைவெளிக்கு 1.6 மீட்டர், 4 மீட்டருக்கு 1.75, 4.5க்கு 1.9, 5க்கு 2.05, 6க்கு 2.3. கையை உயர்த்தினால் எட்டும் எல்லை பலருக்கும் 2.1 மீட்டர் வாக்கில் இருக்கும். அதனால் 4 முதல் 5 மீட்டர் இடைவெளி மிக வசதி. சாதாரணமாக எட்டி வைத்தால் ஆறேழு எட்டு. 3.2 மீட்டருக்குக் கீழே இருந்தால் நாடாவுக்கு இடமே இருக்காது.

தென்னந்தோப்பில்தான் பெரிய சிக்கல். 25 அடிக்கு 25 அடி, அதாவது 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் மேற்படி கணக்கு 2.75 மீட்டர் உயரம் கேட்கும். ஏணி இல்லாமல் ஆகாது. சாய்வாக ஓடும் நாடா மட்டும் ஒரு பக்கத்துக்கு 2.9 மீட்டர், மரத்தைச் சுற்ற இன்னும் ஒரு மீட்டர் வேண்டும். 3 மீட்டர் நாடாவோடு போனவர் தொங்கவிட முடியாமல் திரும்பி வருவார். முகட்டுக் கயிறு இருந்தால் ஒரு சலுகை எடுத்துக்கொள்ளலாம்: சாய்வை 20 டிகிரிக்கு இறக்கினால் உயரம் 2.2 மீட்டராகக் குறையும், படுக்கையின் வடிவம் மாறாது. விலையாக நாடா 110 கிலோவும் முகட்டுக் கயிறு 47 கிலோவும் சுமக்கும். மேலே சொன்ன பொருள்களுக்கு அது பெரிதல்ல. முகட்டுக் கயிறு இல்லாமல் இதைச் செய்தால் துணி அப்படியே விறைத்து, பழைய கதைதான். தோப்பில் இன்னொன்று: மேலே பார்க்காமல் கட்டாதீர்கள். காய்ந்த மட்டையும் முற்றிய குலையும் தலைக்கு நேரே இருந்தால் வேறு மரம் பாருங்கள்.

மரத் தேர்வில் தயவு காட்ட வேண்டாம். அடிமரம் குறைந்தது 15 செ.மீ. விட்டம் வேண்டும். முருங்கை எவ்வளவு பருத்திருந்தாலும் ஒதுக்குங்கள், அது முறிவதற்கென்றே பிறந்த மரம். வேம்பு, மா, தேக்கு நன்றாகத் தாங்கும். கிழட்டுப் புளியில் பொந்து இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பனையின் கருக்குமட்டை அடிகள் நாடாவை அறுத்துவிடும். அந்த அடிகள் உதிர்ந்து மழமழவென்று ஆன முதிய பனை பரவாயில்லை. இளம் சவுக்குத் தோப்பில் மரங்கள் நெருக்கமாகவும் ஒல்லியாகவும் இருக்கும், படுத்தால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வளைந்து உங்களைத் தரையில் வைக்கும்.

மாடியில் கட்ட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 30 டிகிரியிலேயே ஒவ்வொரு பக்கமும் கிடைமட்டமாக 65 கிலோ இழுக்கும். விறைப்பாகக் கட்டினால் பல மடங்கு. செங்கல் தூணும் கைப்பிடிச் சுவரும் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியவை, பக்கவாட்டு இழுப்புக்கு அல்ல. தூண் சரிந்தால் படுத்திருப்பவரின் மேல்தான் விழும். கூரையைத் தாங்கும் கம்பி கட்டிய கான்கிரீட் தூணைத் தவிர வேறெதிலும் கட்டாதீர்கள். கூடத்து ஊஞ்சல் கொக்கிகள் பலமானவைதான், ஆனால் பலகையின் நீளத்துக்கு, ஐந்தாறடி இடைவெளியில் இருக்கும். 2.5 மீட்டர் முகட்டுக் கயிறு அங்கே தொங்கிப்போகும். உட்கார்ந்து ஆடலாம், படுக்க முடியாது.

சரிவான தரையில் உயரத்தை ஒவ்வொரு மரத்தடியிலிருந்தும் தனித்தனியே அளந்தால் தப்பாகும். மேஸ்திரிகள் தண்ணீர் ட்யூப்பில் மட்டம் எடுப்பதுபோல இரண்டு மரத்திலும் ஒரே மட்டத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து மேலே அளக்கவும். ட்யூப் இல்லையென்றால் காலி ஹேமக்கை மாட்டி, முகட்டுக் கயிற்றின் நடுவில் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துக் கட்டிப் பாருங்கள்.

படுத்து நுணுக்கமாகத் திருத்துவது

நாடா கட்டி, முகட்டுக் கயிறு மாட்டியதும் உடனே படுக்க வேண்டாம். துணியின் நடுவைக் கையால் அழுத்தி, பிறகு முட்டியை வைத்து, பிறகு மெதுவாக முழு எடையோடு உட்காருங்கள். முடிச்சுகள் இறுகி, மரத்தில் நாடா கவ்வி, முதல் தடவையே சில செ.மீ. இறங்கும். எழுந்து அந்த அளவுக்கு ஏற்றிக் கட்டிவிட்டு மறுபடி உட்காருங்கள். இரண்டாவது முறையும் அதே அளவு இறங்கினால் எங்கோ ஏதோ வழுக்குகிறது. படுக்கும் முன் கண்டுபிடியுங்கள்.

படுக்கும்போது ஹேமக்கின் நடுக்கோட்டில் நேராகப் படுக்கவே கூடாது. நடுவில் உட்கார்ந்து, கால்களை உள்ளே எடுத்து, தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப் பக்கமும் நகர்த்தி, நடுக்கோட்டுக்கு 20 முதல் 30 டிகிரி குறுக்காகக் கிடக்க வேண்டும். அப்போதுதான் ஓரத் துணி விரிந்து உடம்புக்குக் கீழே வரும், முதுகு தட்டையாகும். ஹேமக் பிறந்த அமெரிக்கக் கண்டத்தில், யூகத்தானிலும் பிரேசிலிலும், தலைமுறை தலைமுறையாக இப்படிக் குறுக்கே படுத்துத்தான் தூங்குகிறார்கள். தொய்வு போதாத ஹேமக்கில் இது முடியாது, துணி உங்களை உருட்டி நடுவுக்கே கொண்டுவந்துவிடும். குறுக்கே படுக்க முடிகிறதா என்பதே தொய்வுக்கான நேர்மையான சோதனை.

அடுத்து, உடம்பு கால் பக்கமாகச் சரிந்துகொண்டே போனால் கால் பக்க நாடாவை மரத்தில் 20 செ.மீ. ஏற்றுங்கள். மேலுடம்பின் கனம் கூடுதல், அதனால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கட்டினால் அநேகம் பேருக்குச் சரிவு வரும். 25 செ.மீ.க்கு மேல் ஏற்றினால் தலைக்கு ரத்தம் இறங்குவதுபோல ஒரு பாரம் தெரியும்; அப்போது பாதி குறைக்கவும்.

தோள் நெருக்கினால் முகட்டுக் கயிற்றை 2 செ.மீ. சுருக்குங்கள், தொய்வு கூடும். கெண்டைக்காலுக்குக் கீழே விறைத்த மடிப்பு உறுத்தினாலோ முட்டி பின்பக்கமாக நீளுவதுபோல இருந்தாலோ முதலில் பாதத்தை இன்னும் ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். போகாவிட்டால் முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் முகட்டுக் கயிற்றை 2, 3 செ.மீ. நீட்டுங்கள். இந்த இரண்டு குறையும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் இரண்டும் அறவே போகும் ஓர் இடம் சிலருக்குக் கிடைக்காது, குறிப்பாகக் குட்டைத் துணியில். அப்போது தோளுக்கு முன்னுரிமை கொடுங்கள், முட்டிக்குத் துண்டு இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றிவிட்டு இருபது நிமிடம் படுத்திருங்கள். ஏறிய ஐந்தாவது நிமிடம் எல்லா ஹேமக்கும் சுகம்தான். கழுத்தும் முட்டியும் பேச ஆரம்பிப்பது அதற்குப் பிறகு.

நைலான் துணி பனியில் நனைந்தால் நீளும். மாலையில் 45 செ.மீ.யில் கட்டியது நள்ளிரவில் சில செ.மீ. இறங்கியிருக்கும், முகட்டுக் கயிறு அதைத் தடுக்காது, ஏனென்றால் நீளுவது துணி. பனி விழும் இடமென்றால் 50 செ.மீ.யில் கட்டித் தொடங்குங்கள். மழை வரும் என்றால் ஒவ்வொரு நாடாவிலும் ஹேமக்குக்கு ஒரு சாண் முன்னால் ஒரு பருத்தி நூல் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து நாடா வழியே ஓடிவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், துணிக்குள் வராது.

காலையில் அவிழ்க்கும்போது நாடாவைக் கைக்குள் ஓடவிட்டுப் பாருங்கள். ஓரத்தில் பிசிறு, வெயிலில் வெளுத்து விறைத்த இடம், கண்ணித் தையலில் அறுந்த நூல் ஏதாவது இருந்தால் அந்த நாடாவை வெட்டிப் போட்டுவிடுங்கள். வெட்டாமல் மூலையில் வைத்தால் அடுத்த முறை அவசரத்தில் அதுதான் கையில் அகப்படும்.